யாரும் நடாத மரம்

மேற்கு ஆப்பிரிக்காவின் புல்வெளிப் பிரதேசத்தில் புதர்க்காட்டை வெட்டி நிலம் திருத்துகிற விவசாயி கிட்டத்தட்ட எல்லா மரங்களையும் சாய்ப்பான். ஒன்றை மட்டும் விட்டுவைப்பான். சோளமும் கம்பும் அந்த மரத்தைச் சுற்றித்தான் விளையும். ஏர் ஓட்டுவதற்கு அது இடைஞ்சல்தான். இருந்தாலும் கோடரி அதன் பக்கம் போவதில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த வயல்கள், யாரோ இடைவெளி பார்த்து அமைத்த தோப்பு மாதிரித் தெரியும். தோப்பு வைத்தவர் என்று யாரும் கிடையாது. பத்துப் பன்னிரண்டு தலைமுறையாக வெட்டாமல் விட்டவர்கள்தான் உண்டு.

1796இல் நைஜர் நதியைத் தேடிப் போன ஸ்காட்லாந்து டாக்டர் மங்கோ பார்க் இதைப் பார்த்து அசந்துபோனார். அந்த மரத்தின் கொட்டையிலிருந்து உள்ளூர்க்காரர்கள் எடுத்த வெண்ணெயைச் சாப்பிட்டுப் பார்த்தார். பசு வெண்ணெயைவிட வெள்ளை, கெட்டி, ருசியும் அதிகம், உப்புப் போடாமலே வருஷம் முழுக்கக் கெடாது என்று 1799இல் வெளிவந்த தன் பயண நூலில் சான்றிதழ் கொடுத்தார். அவர் நினைவாக அந்த மரத்துக்குத் தாவரவியலாளர்கள் ஒரு காலத்தில் பார்க்கின் பெயரையே ஒட்டிவைத்திருந்தார்கள். இப்போதைய பெயர் விடெல்லாரியா பாரடாக்ஸா.

ஊரில் அதற்கு வேறு பெயர்கள். மாலியின் பம்பாரா மொழியில் 'ஷி'. அங்கிருந்துதான் ஆங்கிலத்தின் 'ஷியா' வந்தது. சோப்பு உறைகளிலும் முகப்பூச்சு டப்பாக்களிலும் இன்று நம் ஊர்க் கடைகள்வரை வந்துவிட்ட அதே ஷியாதான். (முஸ்லிம்களின் ஷியா பிரிவுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தமிழில் எழுதும்போது வரும் குழப்பம் இது.) நைஜீரியாவின் ஹௌஸா மக்களுக்கு அது 'கடன்யா'. பிரெஞ்சு பேசும் நாடுகளில் 'காரித்தே'. கிழக்கே உகாண்டாவின் அச்சோலி மக்களிடம் 'யா'. செனகலில் தொடங்கி மாலி, புர்க்கினா ஃபாஸோ, கானாவின் வடபகுதி, நைஜீரியா, சூடான்கள் என்று உகாண்டா, எத்தியோப்பியாவரை, சஹாராவுக்குத் தெற்கே ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு பட்டையில் அந்த மரம் வளர்கிறது. பட்டைக்கு வெளியே அநேகமாகக் கிடையாது.

பார்ப்பதற்குப் பிரமாதமாக ஒன்றும் இருக்காது. சராசரியாகப் பத்துப் பதினைந்து மீட்டர் உயரம். முதலைத் தோல்போலச் சதுரம் சதுரமாக வெடித்த தடித்த பட்டை. கிளை நுனிகளில் கொத்தாக நீள இலைகள். கோடையில் இலை உதிர்ந்த கிளைகளில் வாசனையான வெளிர் பூக்கள் வரும்போது தேனீக்கள் மொய்க்கும். தமிழர்களுக்கு இந்த மரம் முற்றிலும் அந்நியமும் அல்ல. சப்போட்டா, மகிழம், பாலை, இலுப்பை எல்லாம் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது இது. அதிலும் இலுப்பைக்கு நெருங்கிய சொந்தம் என்று சொல்லத் தோன்றும். காயம்பட்டால் பால் வடியும், பழம் இனிக்கும், கொட்டையில் கொழுப்பு எண்ணெய் இருக்கும், வறண்ட நிலத்தில் நெடுங்காலம் வாழும். கோயில் விளக்குக்கு இலுப்பை எண்ணெய் ஊற்றிய ஊர்க்காரர்களுக்கு ஷியாவைப் புரிந்துகொள்ள அதிக விளக்கம் தேவைப்படாது.

புல்வெளிக்கு ஆண்டுதோறும் தீ வரும். ஷியா அதற்கேற்ப ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. விதை முளைக்கும்போது குருத்து நேரே மேலே வருவதில்லை. முதலில் மண்ணுக்குள் இறங்குகிறது. கொஞ்சம் ஆழம் போன பிறகு அங்கிருந்து தளிர் கிளம்பி மேலே வருகிறது. தீ வந்து மேலே இருப்பதைப் பொசுக்கினாலும் மண்ணுக்கு அடியில் உயிர் பத்திரமாக இருக்கும். ஆனால் இந்த மரத்துக்கு அவசரம் என்பதே தெரியாது. முதல் காய்ப்புக்கே பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் ஆகும். நன்றாகக் காய்க்க நாற்பது, ஐம்பது. பிறகு இருநூறு ஆண்டு வாழும். இன்று நட்டால் பேத்திதான் பொறுக்குவாள் என்ற கணக்கில், நடுவதில் யாருக்கும் பெரிய ஆர்வம் இருந்ததில்லை. வெட்டாமல் இருப்பதுதான் வளர்ப்பு.

பழம் விழுகிற காலம்தான் இந்த மரத்தின் முக்கியமான சங்கதி. மே முதல் ஆகஸ்ட் வரை. புர்க்கினா ஃபாஸோவிலும் வடக்கு கானாவிலும் அது மழை தொடங்கி விதைப்பு நடக்கும் நேரம். சென்ற ஆண்டு தானியம் குதிரில் அடி தட்டியிருக்கும். புதுத் தானியம் வர இன்னும் மாதங்கள் ஆகும். வேலை அதிகம், சாப்பாடு குறைவு. சரியாக அந்தப் பஞ்ச மாதங்களில்தான் ஷியா தன் பழத்தைக் கொட்டுகிறது. பச்சை நிறத் தோலுக்குள் இனிப்பான மெல்லிய சதை. வயலுக்குப் போகிறவர்கள் வழியில் பொறுக்கித் தின்றுகொண்டே போவார்கள். குழந்தைகளுக்கு அதுதான் காலை ஆகாரம். வௌவால்களுக்கும் அதே.

கொட்டை பெண்களுக்கு. இது சட்டம் அல்ல, சட்டத்தைவிட உறுதியான வழக்கம். நிலம் ஆணுடையது, மரமும் பேச்சளவில் அவனுடையதுதான். ஆனால் கீழே விழுந்த பழத்தை ஆண் குனிந்து பொறுக்க மாட்டான். வீட்டு வயலில் விழுவது அந்த வீட்டுப் பெண்களுக்கு. ஊருக்கு வெளியே புதர்க்காட்டில் விழுவது யார் முதலில் வருகிறாரோ அவருக்கு. ஆகவே இருட்டோடு எழுந்து, டார்ச் விளக்கும் தலையில் பேசினுமாகப் பெண்கள் கிளம்புகிறார்கள். விழுந்த பழத்தின்மேல் புல் மூடியிருக்கும். புல்லுக்குள் கைவிட வேண்டும். பாம்புக்கும் தேளுக்கும் அது தெரியாது. பழம் பொறுக்கப் போய்க் கடிபட்டவர் இல்லாத கிராமம் அரிது.

பொறுக்கிவருவது எளிதான பாதி. கொட்டையை வெண்ணெயாக்குவது மீதிப் பாதி. சதையை நீக்கிய கொட்டையை உடனே வேகவைக்க வேண்டும். தாமதித்தால் முளைவிடத் தொடங்கி எண்ணெய் கெட்டுவிடும். பிறகு வெயிலில் பல நாள் காயவைத்து, ஓட்டை உடைத்து, பருப்பை எடுத்து மறுபடி காயவைத்துச் சேமிக்கிறார்கள். இந்த நிலையில் மாதக்கணக்கில் இருக்கும். கையில் காசு வேண்டுமென்றால் அப்படியே விற்கலாம். இல்லாவிட்டால் மேற்கொண்டு வேலை.

பருப்பை உரலில் இடித்து, பெரிய சட்டியில் வறுத்து, அம்மியிலோ இப்போது அரவை மில்லிலோ கொடுத்து அரைத்தால் சாக்லெட் நிறத்தில் ஒரு விழுது கிடைக்கும். வாசனையும் ஏறக்குறைய அப்படித்தான். அதை அகலமான பாத்திரத்தில் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கையால் அடித்துப் பிசைய வேண்டும். முழங்கைவரை விழுதில் மூழ்கியிருக்கும். இரண்டு மூன்று பேர் ஒரே பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து மாற்றி மாற்றிப் பிசைவதும் உண்டு. எவ்வளவு நேரம் என்று கடிகாரம் சொல்லாது, கை சொல்லும். தண்ணீர் சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் திரளாது. சரியாக வந்தால் அடர் பழுப்பு மெல்லச் சாம்பலாகி, சாம்பல் வெளுத்து, திடீரென்று நுரைபோல வெண்ணெய் மேலே திரண்டுவரும். அதை வழித்தெடுத்துத் தண்ணீரில் பலமுறை கழுவி, காய்ச்சி, அடியில் தங்கும் கசடை விட்டுத் தெளிவை மட்டும் இறுத்து, ஆறவிட்டால் மஞ்சள் கலந்த வெள்ளைக் கட்டி. மோர் கடைந்து பழகிய கைகளுக்கு இதன் பாதிச் சூட்சுமம் பிடிபடும். விறகும் தண்ணீரும் இதற்கு ஆகிற அளவு மட்டும் பிடிபடாது. இரண்டையும் தூரத்திலிருந்து தலையில் சுமந்து வருவதும் அதே பெண்கள்தான்.

புர்க்கினா ஃபாஸோவின் மேற்குப் பகுதியில் கிரிகோங்கோ என்ற பழைய குடியிருப்பைத் தோண்டியபோது, கி.பி. 100 வாக்கிலிருந்தே அங்கே ஷியாக் கொட்டை ஓடுகள் குவிந்திருந்ததைக் கண்டார்கள். அதாவது இந்தச் சமையல் குறிப்புக்கு வயது 1,900 ஆண்டுக்குக் குறையாது. 1352இல் மாலிப் பேரரசுக்குப் போன இப்ன் பதூதாவும் ஒரு பழத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அதன் கொட்டையைக் குத்தி எடுக்கும் எண்ணெயில் சமைக்கிறார்கள், பலகாரம் சுடுகிறார்கள், விளக்கெரிக்கிறார்கள், உடம்பில் பூசுகிறார்கள், மண்ணோடு குழைத்துச் சுவருக்குச் சாந்தாகவும் பூசுகிறார்கள் என்கிறார். அது ஷியாதான் என்பது அறிஞர்களின் முடிவு. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் மனிதர் மதுரை சுல்தானின் விருந்தாளியாக இருந்துவிட்டுப் போயிருந்தார். இலுப்பை எண்ணெய் விளக்கை அங்கே பார்த்திருந்தால் ஒப்பிட்டிருக்கலாம். ஒப்பிடவில்லை.

அவர் போட்ட பட்டியல் ஏறக்குறைய இன்றும் செல்லும். டிசம்பர் முதல் பிப்ரவரிவரை சஹாராவிலிருந்து ஹார்மட்டான் காற்று புழுதியோடு வீசும்போது உதடும் குதிகாலும் வெடிக்கும். அதற்கு ஷியா வெண்ணெய். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டி உடம்பு பிடித்துவிட ஷியா வெண்ணெய். பிரசவித்தவளின் வயிற்றுக்கு, சுளுக்குக்கு, எலும்பு முறிந்த இடத்தைச் சுற்றி நீவிவிட, தலைமுடிக்கு, எல்லாவற்றுக்கும் அதேதான். மூக்கடைப்புக்கு மூக்கினுள் தடவுவதும் உண்டு. இது வெறும் பாட்டி வைத்தியம் அல்ல என்று 1970களின் இறுதியில் நைஜீரிய ஆராய்ச்சி ஒன்று சோதித்துச் சொன்னது. சாம்பலோடு சேர்ந்தால் கறுப்புச் சோப்பு. தோல் பதனிடுபவருக்கும் மத்தளத் தோலைக் காப்பவருக்கும் அதுவே எண்ணெய். வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் கசடுகூட வீணாவதில்லை. மண் சுவரில் பூசினால் மழைத் தண்ணீர் இறங்காது, கறையானும் அண்டாது. பட்டுப்போன மரத்தின் கட்டை வைரம் பாய்ந்தது. கொட்டையை இடிக்கும் உரலும் உலக்கையும் சில ஊர்களில் அதே மரத்தில்தான்.

பயன்களில் விசித்திரமானது ஒரு புழு. மழைக்காலத்தில் ஷியா மரத்தில் மட்டும் வரும் கம்பளிப்புழு அது. புர்க்கினா ஃபாஸோவின் தென்மேற்கில் பேசும் ஜூலா மொழியில் 'ஷிதுமு', அதாவது ஷியாப் புழு. வந்தால் மரத்தை ஓர் இலைகூட விடாமல் மொட்டையடிக்கும். வேறு ஊராக இருந்தால் மருந்து அடிப்பார்கள். இங்கே ஊரே சந்தோஷப்படுகிறது. புழுவைப் பொறுக்கி வேகவைத்து, காயவைத்து, வெங்காயத்தோடு வதக்கிச் சாப்பிடுகிறார்கள். போபோ டியூலாஸோ நகரச் சந்தையில் கூடைகூடையாக விற்கிறது. உலர்ந்த புழுவின் எடையில் பாதிக்கு மேல் புரதம். புழுவின் எச்சம் மரத்தடி மக்காச்சோளத்துக்கு உரம். மரமோ சில வாரங்களில் மறுபடி துளிர்த்துவிடுகிறது. தானியம் தீர்ந்த மாதங்களில் ஒரே மரம் மாவுச்சத்தைத் தவிர மற்றதையெல்லாம் தந்துவிடுகிறது.

இத்தனையும் ஊருக்குள் நடப்பது. ஊருக்கு வெளியே போகும் கொட்டையின் கதை வேறு. சோப்பு விளம்பரங்களைப் பார்த்தால் ஷியா முழுவதும் மேல்நாட்டுப் பெண்களின் கன்னத்துக்குப் போகிறது என்று தோன்றும். உண்மையில் ஏற்றுமதியின் பெரும்பகுதி போவது வயிற்றுக்கு. ஷியாக் கொழுப்பின் ஒரு பகுதி கோகோ வெண்ணெயைப் போலவே நடந்துகொள்ளும். அறையில் கெட்டியாக இருந்து வாயில் போட்டதும் கரையும். விலையோ குறைவு. சாக்லெட் கம்பெனிகள் விடுமா? ஐரோப்பிய நாடுகளுக்குள் இதைப் பற்றி வருஷக்கணக்கில் சண்டை நடந்து, கடைசியில் 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய யூனியன் ஒரு விதி போட்டது. சாக்லெட்டில் 5 சதவீதம்வரை வேறு தாவரக் கொழுப்பு சேர்க்கலாம், ஆனால் ஆறே ஆறு கொழுப்புதான் என்று.

அந்த ஆறில் ஷியா ஒன்று. மற்றவற்றில் மூன்று இந்தியாவுக்கு நன்றாகத் தெரிந்தவை: சால் விதை, மாங்கொட்டைப் பருப்பு, கொங்கணத்துக் கோகம். 'இல்லிப்பே' என்பது இன்னொன்று. பெயர் தமிழின் இலுப்பையிலிருந்து போனது. பொருள் மட்டும் இலுப்பை அல்ல, போர்னியோ காட்டில் விளையும் சால் இனத்து மரத்தின் கொழுப்பு. வியாபாரிகள் பெயர் வைக்கும் அழகு அது. ஆக, சத்தீஸ்கர் காட்டில் கோடை வெயிலில் சால் விதை பொறுக்கும் ஆதிவாசிப் பெண்ணும், கானாவில் இருட்டில் ஷியா பொறுக்கும் பெண்ணும் ஒரே சாக்லெட் தொழிற்சாலையின் இரண்டு வாசல்களில் நிற்கிறார்கள். இருவருக்கும் அது தெரியாது. கிலோவுக்குக் கிடைக்கும் விலையை இருவரும் நிர்ணயிப்பதில்லை என்பதிலும் ஒற்றுமை.

ஷியாவை நம்பியிருக்கும் பெண்கள் 1.6 கோடி பேர் என்று அந்தத் தொழிலின் கூட்டமைப்பு மதிப்பிடுகிறது. 'பெண்களின் தங்கம்' என்று ஒரு பட்டப்பெயரும் உண்டு. தங்கம் என்று பெயர் சூட்டியவர்கள் தங்கத்தின் விலை கொடுத்ததாகத் தகவல் இல்லை. 1990களில் மேல்நாட்டு அழகு சாதன நிறுவனங்கள் சில, கிராமப் பெண்களின் சங்கங்களிடம் நேரடியாக வெண்ணெய் வாங்க ஆரம்பித்தன. அந்தச் சங்கங்களில் இருந்த பெண்கள் பள்ளிக் கட்டணம் கட்டினார்கள், கூரைக்குத் தகரம் போட்டார்கள். ஆனால் பெரும்பாலான கொட்டை வெண்ணெயாகாமல், மூட்டையாகவே கப்பல் ஏறுகிறது. அரைப்பது, பிரிப்பது, லாபம் எடுப்பது எல்லாம் கடல் தாண்டி.

இது அரசுகளுக்கு உறைத்தது தாமதமாகத்தான். 2024 செப்டம்பரில் புர்க்கினா ஃபாஸோ கொட்டை ஏற்றுமதியை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் நைஜீரியா ஆறு மாதத் தடை அறிவித்தது. உலக விளைச்சலில் 40 சதவீதம் எங்களுடையது, உலக வர்த்தகத்தில் எங்கள் பங்கு ஒரு சதவீதம்தான் என்பது நைஜீரிய அரசின் வாதம். வாதத்தில் நியாயம் இருக்கிறது. உள்ளூரிலேயே வெண்ணெயாக்கினால் வேலையும் லாபமும் உள்ளூரில் தங்கும். ஆனால் தடை வந்த நேரம் பருவத்தின் நடு. கொட்டையைப் பொறுக்கி, வேகவைத்து, காயவைத்துப் பெண்கள் மூட்டை கட்டியிருந்தார்கள். அத்தனையையும் வாங்கி அரைக்க உள்ளூரில் ஆலைகள் போதாது. வெளிநாட்டு வியாபாரி ஒதுங்கியதும் சந்தையில் விலை சரிந்தது. வெண்ணெய் திரண்டுவரும் நேரத்தில் தாழி உடைந்த கதை. பெண்களுக்காகச் செய்த காரியத்தில் முதல் நஷ்டம் பெண்களுக்கு. ஆலை கட்டிவிட்டுத் தடை போட்டிருக்கலாமே என்று கேட்க அபுஜாவில் ஒரு அதிகாரி இல்லாமலா போயிருப்பார்?

மரத்துக்கும் நல்ல காலம் அல்ல. 1998லேயே அழியும் ஆபத்தை நோக்கிப் போகும் இனங்களின் சர்வதேசப் பட்டியலில் ஷியா ஏறிவிட்டது. வைரக் கட்டை நல்ல கரியாகும் என்பதுதான் வினை. வடக்கு உகாண்டாவில் உள்நாட்டுச் சண்டை ஓய்ந்து மக்கள் ஊர் திரும்பிய பிறகு, லாரி லாரியாகக் கரி தெற்கே போனது. அதில் இருநூறு வயது 'யா' மரங்களும் அடக்கம். 2023 மே மாதம் ஜனாதிபதி முசெவெனி வடபகுதியில் வியாபாரத்துக்குக் கரி சுடுவதைத் தடைசெய்தார். ஒரு மரத்தை வெட்டி மூட்டை கட்டினால் இன்றே காசு. காய்க்கவிட்டால் வருஷாவருஷம் கொஞ்சம் காசு, அதுவும் வீட்டுப் பெண்ணின் கையில். வெட்டும் முடிவை எடுப்பவன் எந்தக் கணக்கைப் பார்ப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை.

கரிக்குப் போகாத இடத்தில் வேறு சிக்கல். முன்பெல்லாம் நிலத்தைச் சில ஆண்டு உழுதுவிட்டுப் பல ஆண்டு தரிசாகப் போடுவார்கள். அந்தத் தரிசில்தான் வௌவால் துப்பிய கொட்டை முளைத்துக் கன்றாகும். இப்போது நிலத்துக்கு ஓய்வில்லை. டிராக்டர் கன்று என்றும் களை என்றும் பார்ப்பதில்லை. வயலில் நிற்பவை கிழட்டு மரங்கள். அவற்றின் கிளைகளிலும் புல்லுருவி ஏறிக்கொண்டிருக்கிறது. அடுத்த வரிசை இல்லை.

ஆகவே இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகு ஷியாவை நடும் வேலை தொடங்கியிருக்கிறது. வடக்கு கானாவில் போலே என்ற ஊரில் கோகோ ஆராய்ச்சி நிலையத்தின் கிளை ஒன்று இதற்காகவே இருக்கிறது. நல்ல காய்ப்புள்ள தாய்மரத்தின் குச்சியை ஒட்டுக்கட்டினால் இருபது ஆண்டுக் காத்திருப்பு சில ஆண்டுகளாகச் சுருங்குகிறது. முந்திரி, மா, தென்னை, ரப்பர், எண்ணெய்ப் பனை ஆகியவற்றோடு ஷியாவும் இப்போது கானா அரசின் மரப்பயிர் வாரியத்தின் கீழ் ஒரு பயிர்.

பயிர் என்றால் அதற்குச் சொந்தக்காரர் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் மரம் நடுவது நிலத்தின்மேல் உரிமை கொண்டாடுவதற்குச் சமம். அதனால் குத்தகைக்காரனை மரம் நட விடமாட்டார்கள், வாழ வந்த மருமகளையும் விடமாட்டார்கள். ஷியாக் கொட்டை இதுவரை பெண்ணுக்கு விட்டுவைக்கப்பட்டதே, அதை யாரும் நடவில்லை என்பதால்தான். நாற்றுப்பண்ணையில் ஒட்டுக்கன்று வாங்கிப் போகும் ஆண், அது காய்க்கும்போது கீழே விழுவதைப் பொறுக்கக் குனிவானா, மாட்டானா என்பதைக் கிராமத்துப் பெண்கள் இப்போதே தங்களுக்குள் பேசிக்கொள்ளக் காரணம் இருக்கிறது.